பெயர்த்தெடுத்த சாலை எங்கே போகிறது?

கொல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. 1690இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவியவர் அவர். அந்தக் கல்லறையில் பதித்த கருங்கல் வங்காளத்துக் கல் அல்ல. சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை அது. கப்பலேறி வடக்கே போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் நினைவாக அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். இன்றும் உலகம் முழுக்க நிலவியல் பாடநூல்களில் அதற்கு அதுதான் பெயர்.

சென்னையைச் சுற்றியுள்ள சார்னாக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அந்தப் பாறையைத்தான் திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் வெடி வைத்துத் தகர்த்து, கிரஷரில் அரைத்து, முக்கால் இஞ்ச், அரை இஞ்ச் ஜல்லியாக்கி நகரத்தின் சாலைகளிலும் கட்டடங்களிலும் கொட்டினோம். மலை இருந்த இடத்தில் இப்போது குட்டைகள் இருக்கின்றன. மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரத்தின் கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து 2017 வறட்சியின்போது சென்னைக்குக் குடிநீராகவே கொடுத்தார்கள். எவ்வளவு கல்லை எடுத்திருந்தால் ஒரு நகரத்துக்குத் தண்ணீர் தரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும்!

250 கோடி ஆண்டு தாங்கிய அந்தக் கல்லுக்குச் சாலையில் பத்துப் பதினைந்து ஆண்டு கிடப்பது ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் அத்தனை ஆண்டில் சாலை கிழடாகிவிடுகிறது. வெடிக்கிறது, ஜல்லி பெயர்கிறது, குழி விழுகிறது. கிழடானது எது? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். பதில் தெரிந்துவிட்டால், பழைய சாலையைக் குப்பை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

தார்ச்சாலையின் மேற்பரப்புக் கலவையை எடையாகப் பிரித்தால், நூற்றுக்குச் சுமார் 95 பங்கு ஜல்லியும் கல்தூளும். மீதி 5 பங்குதான் தார். பொறியாளர்கள் பிட்டுமன் என்பார்கள். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாவற்றையும் பிரித்த பிறகு அடியில் தங்கும் கருமையான கெட்டிக் குழம்பு. நாம் பேச்சில் சொல்வதுபோலவே இங்கும் தார் என்றே சொல்கிறேன். கடலைமிட்டாயில் வெல்லப்பாகு செய்யும் வேலையைச் சாலையில் தார் செய்கிறது. ஒவ்வொரு ஜல்லியின் மேலும் அது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாரியின் மொத்தப் பாரத்தையும் இத்தனை மெல்லிய படலம்தான் கல்லிலிருந்து கல்லுக்குக் கடத்தித் தாங்குகிறது.

கிழடாவது அந்தப் படலம்தான்.

தார் ஒற்றைப் பொருளல்ல. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டம். ஆய்வகத்தில் அதை நான்கு குடும்பங்களாகப் பிரிப்பார்கள்: சாச்சுரேட்டுகள், அரோமாட்டிக்குகள், ரெசின்கள், அஸ்ஃபால்டீன்கள். முதல் மூன்றும் சேர்ந்து மால்ட்டீன் எனப்படும் எண்ணெய்ப் பகுதி. அஸ்ஃபால்டீன்கள் பெரியவை, கனமானவை, ஒன்றோடொன்று கொத்தாகச் சேர்ந்துகொள்பவை. எண்ணெய்ப் பகுதியில் அந்தக் கொத்துகள் மிதந்தபடி இருக்கும்வரை தார் வளைந்து கொடுக்கும், நீளும், வெயிலில் இளகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்தச் சமநிலையைக் கெடுக்கிறது. அது தாரின் மூலக்கூறுகளில் பற்றிக்கொள்ளும்போது கீட்டோன்களும் சல்ஃபாக்சைடுகளும் உருவாகின்றன. ஆக்சிஜன் ஏறிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக இழுத்துக்கொள்கின்றன. அரோமாட்டிக்குகள் மெல்ல மெல்ல ரெசின்களாகவும், ரெசின்கள் அஸ்ஃபால்டீன்களாகவும் மாறுகின்றன. எண்ணெய் குறைகிறது, கொத்து பெருகுகிறது, தார் விறைக்கிறது. அகச்சிவப்பு நிறமாலையில் 1700 என்ற அலைஎண்ணுக்கு அருகே எழும் கார்போனைல் மேட்டை வைத்து, ஒரு தார் எவ்வளவு மூத்தது என்று ஆய்வகத்தில் சொல்லிவிடலாம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. முதுமையில் கணிசமான பங்கு சாலையில் பல ஆண்டுகளில் வருவதல்ல. சாலை பிறக்கும் அன்றே, கலவை ஆலையில் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. சுமார் 160 டிகிரி சூட்டில், மெல்லிய படலமாக, காற்றோடு புரளும் அந்த நேரத்தில் ஆக்சிஜன் வெறித்தனமாக வேலை செய்கிறது. ஆய்வகத்தில் இதைப் போலச் செய்துபார்க்க, கண்ணாடிக் குப்பிகளில் தாரை ஊற்றி 163 டிகிரியில் 85 நிமிடம் சுழற்றுவார்கள். சாலையில் கழியும் ஆண்டுகளைப் போலச் செய்ய, அதே தாரை 2.1 மெகாபாஸ்கல் காற்றழுத்தத்தில், 100 டிகிரி அளவில், 20 மணி நேரம் அடைத்துவைப்பார்கள்.

ரோலர் ஓட்டுநரின் கைக்கும் இதில் பங்குண்டு. சரியாக அமுக்கிய கலவையில் காற்றிடைவெளி 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 8 சதவீதத்தைத் தாண்டினால் இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து உள்ளே காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி விட்டுவிடுகின்றன. கலவை ஆறிப்போன பிறகு அவசரமாக உருட்டிய சாலை சில ஆண்டுகளிலேயே உள்ளும் புறமும் முதுமை அடைவது இதனால்தான். தார் மட்டமானது என்று பழி சொல்லும் முன் கலவை எத்தனை டிகிரியில் வந்து இறங்கியது என்று கேட்க வேண்டும்.

தாரின் இளமையை அளக்க எளிய சோதனை ஒன்று நூறாண்டாக இருக்கிறது. 25 டிகிரியில் வைத்த தாரின் மேல் 100 கிராம் பாரமுள்ள ஊசியை 5 விநாடி இறங்க விடுவது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஓர் அலகு. நம் நாட்டில் நெடுங்காலம் பயன்பட்ட 60/70 ரகத் தாரில் ஊசி 6 முதல் 7 மில்லிமீட்டர் இறங்கும். வெயிலில் பல ஆண்டு கிடந்த சாலையிலிருந்து கரைத்து எடுத்த தாரில் 2 மில்லிமீட்டர் இறங்கினாலே பெரிது. ஆக, தார் போய்விடவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. அதன் எண்ணெய்ப் பகுதி குறைந்திருக்கிறது, அவ்வளவே. குறைந்ததைத் திரும்பக் கொடுக்க முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல்தளத்தில் 4 சென்டிமீட்டர் பெயர்த்தால் 280 கனமீட்டர் கிடைக்கும். எடை சுமார் 650 டன். அதில் 600 டன்னுக்கு மேல் தரமான, ஏற்கெனவே உடைத்துச் சலித்த கருங்கல் ஜல்லி. 30 டன் அளவுக்குத் தார். இந்தியா தன் தார்த் தேவையில் கணிசமான பகுதியை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்கிறது. ஜல்லிக்கு மலை வேண்டும். இரண்டும் நம் காலடியில் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது, ஒன்றைக் கடல் கடந்தும் மற்றொன்றை மலை தகர்த்தும் கொண்டுவருகிறோம்.

உலகத்துக்கு இந்தக் கணக்கு 1973இல் உறைத்தது. அந்த அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தன; சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. தார் விலையும் கூடவே ஏறியது. பழைய சாலையை மீண்டும் சூடாக்கிப் பயன்படுத்தும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் நடந்திருந்தன. எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது தேடி எடுத்தார்கள். 1976இல் அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இதற்கென்றே செயல்விளக்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மாநிலங்களில் சோதனைச் சாலைகள் போட உதவியது.

அதே காலத்தில் இன்னொரு கருவி வந்து சேர்ந்தது: குளிர்நிலையிலேயே சாலையைச் சீவி எடுக்கும் மில்லிங் இயந்திரம். டங்ஸ்டன் கார்பைடு முனை பொருத்திய பற்கள் வரிசையாகப் பதிந்த உருளை, சுழன்றபடி தார்த்தளத்தைக் கொத்திப் பெயர்க்கும். பற்கள் சூடாகாமலும் தூசி பறக்காமலும் இருக்கத் தண்ணீர் பீய்ச்சும். பெயர்ந்தது பெல்ட்டில் ஏறி முன்னால் போகும் டிப்பர் லாரியில் விழும். ஆழத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைக்கலாம். கடப்பாரையால் பெயர்த்தால் அடித்தள மண்ணும் செங்கல்லும் கலந்த குவியல்தான் கிடைக்கும்; மில்லிங்கில் மேல்தளம் தனியாக, சுத்தமாக வரும். மறுசுழற்சி ஒரு தொழிலாக மாறியதற்கு இந்த இயந்திரம் பாதிக் காரணம்.

சென்னையில் இந்த இயந்திரத்தை மக்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு, தெருக்கள் உயர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு முறையும் 4 சென்டிமீட்டர் என்றாலும் ஐந்து முறையில் 20 சென்டிமீட்டர். ஒரு வாசற்படியின் உயரம். மழைத்தண்ணீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கியது. வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். வீடுகளைக் காப்பாற்ற வந்த உத்தரவு அது. கூடவே, மறுசுழற்சிக்கான மூலப்பொருளையும் அது நம் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அதை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

பெயர்த்தெடுத்த பழைய கலவையைப் புது ஜல்லியோடும் புதுத் தாரோடும் ஆலையில் சேர்த்தால் உண்மையில் என்ன நடக்கிறது? பழைய தார் இளகிப் புதுத் தாரோடு கலக்கிறதா, அல்லது கறுப்புப் பூச்சுப் பூசிய கல்லாகவே சும்மா கிடக்கிறதா? அமெரிக்கப் பொறியாளர்கள் இதைக் ‘கறுப்புக் கல்’ கேள்வி என்றே பேசிக்கொண்டார்கள். பதிலைப் பொறுத்துக் கணக்கே மாறும். கலக்கிறது என்றால் புதுத் தாரைக் குறைக்கலாம். கலக்கவில்லை என்றால், குறைத்த இடத்தில் பசை போதாமல் சாலை உதிரும்.

இதைத் தீர்த்துவைத்த சோதனை அழகானது. 20ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபெக்கா மெக்டேனியலும் சக ஆய்வாளர்களும் நடத்தினார்கள். மூன்று விதமாகக் கலவை செய்தார்கள். முதலாவதில், பழைய கலவையிலிருந்து தாரை முழுக்கக் கரைத்து அகற்றிவிட்டு வெறும் கல்லை மட்டும் சேர்த்தார்கள். பழைய தார் எந்த வேலையும் செய்யவில்லை என்ற நிலை இது. மூன்றாவதில், கரைத்தெடுத்த பழைய தாரைப் புதுத் தாரோடு கையாலேயே முழுதாகக் கலந்து, பிறகு கல்லில் சேர்த்தார்கள். கலப்பு முழுமையான நிலை. நடுவில், ஆலையில் நடப்பதுபோலவே பழைய கலவையை அப்படியே கொட்டினார்கள். பிறகு மூன்றையும் ஒரே சோதனைகளில் வைத்து வதைத்தார்கள்.

பழைய கலவை 10 சதவீதமாக இருந்தபோது மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 40 சதவீதமானபோது ‘கறுப்புக் கல்’ கலவை தனியே விலகி நின்றது. நடுவிலிருந்த நடைமுறைக் கலவை, முழுக்கக் கலந்ததோடு ஒட்டி வந்தது. அதாவது, பழைய தார் செத்த பாரமல்ல. சூட்டில் எழுந்து, புதுத் தாரோடு பெரும்பாலும் சேர்ந்துகொள்கிறது. முழுக்கச் சேர்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. எவ்வளவு சேர்கிறது என்பது சூடு, கலக்கும் நேரம், தாரின் வயது எல்லாவற்றையும் பொறுத்தது. ஆய்வாளர்கள் இன்றும் இதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து பிறந்த அமெரிக்க விதி எளிமையானது. பழையது 15 சதவீதத்துக்குள் என்றால் புதுத் தாரின் ரகத்தை மாற்ற வேண்டாம். 15 முதல் 25 வரை என்றால் ஒரு படி இளகலான ரகத் தாரைச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பழைய தாரைக் கரைத்தெடுத்துச் சோதித்து, எந்த விகிதத்தில் எந்தத் தார் என்று வரைபடம் போட்டே தீர்மானிக்க வேண்டும். மிக அதிகமாகச் சேர்க்கும்போது, குறைந்துபோன எண்ணெய்ப் பகுதியை ஈடுகட்ட இளமையூட்டும் எண்ணெய்கள் உண்டு: கச்சா எண்ணெயிலிருந்து வரும் அரோமாட்டிக் சாறு, காகித ஆலைகளில் பைன் மரக்கூழிலிருந்து கிடைக்கும் டால் எண்ணெய், சமையலுக்குப் பயன்படுத்திக் கழித்த தாவர எண்ணெய்கூட. அளவு மிஞ்சினால் தார் குழைந்து சக்கரத்தடம் பள்ளமாகிவிடும்.

ஆலையில் உள்ள உண்மையான சிக்கல் நெருப்பு. புது ஜல்லியை உலர்த்த உருளைக்குள் தீச்சுடரே பாயும். அந்தச் சுடரில் பழைய கலவையைக் காட்டினால் தார் எரிந்து நீலப்புகை கிளம்பும். தாரும் கெடும், அக்கம்பக்கத்துக்காரர் மூச்சும் கெடும். ஆகவே சுடரைப் பழையதிடம் காட்டாமல், புது ஜல்லியை அளவுக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டைப் பழையதற்குக் கடத்துகிறார்கள். 30 டிகிரியில் இருக்கும் உலர்ந்த பழைய கலவையை 30 சதவீதம் சேர்த்து, மொத்தமும் 160 டிகிரிக்கு வர வேண்டுமென்றால், மீதி 70 சதவீதப் புது ஜல்லி சுமார் 216 டிகிரியில் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் 290 டிகிரி. அந்தச் சூட்டில் ஆலையும் திணறும், தாரும் கருகும். அதனால்தான் சாதாரண ஆலையில் பழையதன் பங்கு ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் பழையதைத் தனியாக, மெதுவாகச் சூடாக்க இரண்டாவது உருளை வேண்டும்.

பழையது உலர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. ஈரமிருந்தால் நிலைமை வேறு. 100 டன் குவியலில் 1 சதவீத ஈரம் என்றால் 1,000 லிட்டர் தண்ணீர். அதைச் சூடாக்கி ஆவியாக்க, வீணாவதைக் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 70 லிட்டர் டீசல் தரும் வெப்பம் செலவாகும். வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளியில் நனைந்த குவியலில் 5 சதவீத ஈரம் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரு தகரக் கொட்டகை போதும். மறுசுழற்சியைப் பற்றி எவ்வளவோ உயர்ந்த தொழில்நுட்பம் பேசுகிறோம்; இதில் கிடைக்கும் லாபத்தில் பெரும் பகுதி, குவியலுக்கு மேல் கூரை இருக்கிறதா, அடியில் தண்ணீர் வடியும் சரிவு இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

‘பழையதைப் போட்டுப் போட்ட ரோடு நிற்குமா?’ என்பதுதான் ஒப்பந்ததாரரிலிருந்து வார்டு கவுன்சிலர் வரை எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி, இதற்கு ஊகத்தால் பதில் சொல்லக் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 18 இடங்களில் ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதத் தளம் போட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள்: ஒன்று முழுக்கப் புதுக் கலவை, மற்றொன்று 30 சதவீதம் பழையது சேர்ந்தது. சக்கரத்தடப் பள்ளத்திலும் மேடுபள்ளத்திலும் இரண்டும் சமமாக நின்றன. விரிசலில் மட்டும் சில இடங்களில் புதுக் கலவை சற்று முந்தியது.

அலபாமா மாநிலத்தின் ஓபலைக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகம் நடத்தும் சோதனைத் தடம் இன்னும் கடுமையானது. சுமார் 2.7 கிலோமீட்டர் நீள்வட்டச் சாலை. 61 மீட்டருக்கு ஒரு வகைக் கலவை. பாரம் ஏற்றிய டிரக்குகள் ஓயாமல் சுற்றி, ஒரு நெடுஞ்சாலை பல ஆண்டுகளில் தாங்கும் சுமையை ஓரிரு ஆண்டுகளில் ஏற்றிவிடும். 2009 சுற்றில் 50 சதவீதம் பழைய கலவை சேர்த்த பகுதிகள் அங்கே முழுப் புதுப் பகுதிகளுக்குச் சளைக்காமல் நின்றன. சக்கரத்தடம் அவற்றில் குறைவாகவே விழுந்தது. அதில் வியப்பில்லை. விறைத்த தார் பள்ளம் விழாமல் எதிர்த்து நிற்கும். அதன் பலவீனம் விரிசல். கடுங்குளிர் நாட்டில் விரிசல் பெரிய எதிரி. சித்திரை வெயிலில் சாலைப் பரப்பு 60 டிகிரியைத் தொடும் நம் ஊரில் பள்ளம்தான் முதல் எதிரி. பழைய தாரின் விறைப்பு நமக்கு ஓரளவு உதவியே செய்யும் என்பது என் கணிப்பு. கனரக லாரிகள் ஓடும் சாலையில், அடித்தளம் வலுவாக இருந்தால் மட்டுமே அது செல்லும். அடித்தளம் அமுங்கும் சாலையில் விறைத்த மேல்தளம் உடைந்துபோகும்.

இதையெல்லாம் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு ஜப்பான். கச்சா எண்ணெய் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. குப்பை கொட்ட நிலம் கிடையாது. 2000இல் நிறைவேற்றிய கட்டுமானப் பொருள் மறுசுழற்சிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வேலைகளில் பெயர்த்த தார்த்தளத்தையும் கான்கிரீட்டையும் மரத்தையும் தனித்தனியே பிரித்து மறுசுழற்சி செய்வதைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே பெயர்த்தெடுக்கும் தார்த்தளத்தில் 99 சதவீதம் மறுபடி பயன்படுகிறது. புதுத் தார்க்கலவையில் பழையதன் பங்கு சராசரியாகப் பாதியை ஒட்டி வருகிறது. அமெரிக்காவின் சராசரி 20 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஜப்பானிய ஆலைகளில் பழையதற்கென்று தனி உருளை இருக்கிறது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதில்லை: பழைய தாரில் ஊசி 2 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. இப்போது அவர்களுக்குப் புதுக் கவலை வந்திருக்கிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை சுழன்று வரும் தார் எவ்வளவு தாங்கும்? உலகில் வேறு எவருக்கும் முன்னால் அந்தக் கேள்வி அவர்களிடம் வந்து நிற்கிறது.

சூடாக்காமலேயே செய்யும் வழியும் உண்டு. 1956இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாடிஸ் சான்யி, சூடான தாருக்குள் நீராவியைச் செலுத்தி நுரைக்க வைத்தார். 1968இல் ஆஸ்திரேலியாவில் மொபில் நிறுவனம் நீராவிக்குப் பதில் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தி அதை எளிமையாக்கியது. 160 டிகிரிக்கு மேல் சூடான தாரில் இரண்டு மூன்று சதவீதம் தண்ணீர் பட்டதும் பத்து மடங்குக்கு மேல் நுரைத்துப் பொங்கும். பொங்கிய அந்தச் சில விநாடிகளில், குளிர்ந்த, ஈரமான பழைய கலவையோடு தார் புள்ளிப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். மேல்தளத்துக்கு இது ஆகாது. அதற்குக் கீழே போடும் தளத்துக்குச் சிறந்தது. சாலை இருக்கும் இடத்திலேயே இயந்திரம் நகர்ந்தபடி பெயர்த்து, கலந்து, பரப்பிவிடும். ஜல்லி லாரிகளின் ஓட்டம் பெருமளவு குறையும்.

எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐரோப்பாவில் சில பத்தாண்டுகளுக்கு முன் போட்ட சாலைகளில் பெட்ரோலியத் தாரோடு நிலக்கரித் தாரும் கலந்திருந்தது. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மிக அதிகம். அந்தக் கலவையைச் சூடாக்கினால் வேலை செய்பவர்களின் நுரையீரலுக்குள் போகும். அதனால் நெதர்லாந்தும் ஜெர்மனியும் பெயர்த்தெடுத்ததை முதலில் சோதித்து, நிலக்கரித் தார் இருந்தால் தனியே ஒதுக்கிவிடுகின்றன. மறுசுழற்சி என்ற நல்ல பெயருக்காக எதையும் உருளையில் போடக் கூடாது என்பதற்கு இது போதும்.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. தார்த்தளங்களை மறுசுழற்சி செய்வதற்கான வழிகாட்டியை இந்திய சாலைக் காங்கிரஸ் 2015இல் ஐ.ஆர்.சி. 120 என்ற எண்ணில் வெளியிட்டது. சாலைத் தள வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி. 37 இல், நுரைத்த தாரோ தார்க்குழம்போ சேர்த்த பழைய கலவையை அடித்தளமாகக் கணக்கிடும் முறை இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ரா. வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார்ச்சாலையில் சேர்க்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சாலையில் புது வழியை முதலில் முயல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

இருந்தும் மில்லிங் செய்த கலவையில் பெரும் பகுதி நம் கண்ணெதிரே சாலையோரப் பள்ளத்தை நிரப்பவும், மனையை மேடாக்கவும், வண்டிநிறுத்தும் இடத்தைச் சமன்செய்யவும் போகிறது. அதுவும் ஒரு பயன்தான் என்பார்கள். இல்லை. 30 டன் தாரை மண்ணாக நினைத்துக் கொட்டுவது பயன் ஆகாது. ஒரு கிலோமீட்டர் மேல்தளத்தில் 30 சதவீதம் பழையதைச் சேர்த்தாலே சுமார் 185 டன் ஜல்லியும் 9 டன் அளவுக்குத் தாரும் மிச்சமாகும்.

இதற்கு முதலில் வேண்டியது பெரிய தொழில்நுட்பம் அல்ல. வேலை ஆணையில் சில வரிகள். பெயர்த்தெடுத்த கலவை யாருக்குச் சொந்தம், எந்த ஆலைக்குப் போக வேண்டும், எடைச்சீட்டு யாரிடம் இருக்கும், குவியலுக்குக் கூரை யார் போடுவது, புதுத் தளத்தில் எத்தனை சதவீதம் சேர்ப்பது, யார் சோதிப்பது என்று அவை தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தில் அந்தக் கலவை கணக்கில்லாமல் கரைந்துபோகும். உங்கள் தெருவை மில்லிங் செய்ய வரும் பொறியாளரிடமும், உங்கள் வார்டு உறுப்பினரிடமும் ஒப்பந்தப் புள்ளியில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள்.